எட்டுக் கூட்டத்தோடு நின்ற குழு தோற்றுப்போன குழுவா?

தம்பி கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் வரலாற்றுக் கேள்வி. "சென்னையில் தன்னார்வலர்கள் நடத்தும் தொழில்நுட்பச் சந்திப்புகள் இருபது இருபத்தைந்து வருடமாக நடக்கின்றன. கீழக்கரையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இணையதளத் தொழில்நுட்பம் கற்றுக்கொள்ள மாதம் ஒருமுறை கூடினோம். எட்டுக் கூட்டத்தோடு நின்றுவிட்டது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அங்கே மட்டும் எப்படி நிலைத்தது?" இதுதான் கேள்வி. ஆனால் கடைசியில் "எங்கள் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராதோ என்னவோ" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்ய முடியும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பிறகு சில வருடம் சென்னையில் இணையதளம் செய்து கொடுக்கும் வேலை. அந்த நாட்களில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து நடத்திய லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பின், 2017 ஜூன் முதல் 2023 தொடக்கம் வரை, உச்சிப்புளிப் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நண்பர்களோடு சேர்ந்து இப்படி ஒரு கூட்டத்தை நடத்தினேன். அதுவும் இப்போது இல்லை. ஆகவே கீழே வரும் வருடக் கணக்குகள் ஊரறிந்த செய்திகள். ஒரு குழு ஏன் நிலைக்கிறது, ஏன் நிற்கிறது என்று நான் சொல்வது மட்டும் ஒரே ஒரு குழுவை நடத்தியவனின் அனுபவம். சென்னையைப் பற்றிப் பார்வையாளனாகத்தான் பேச முடியும்.

இப்படிக் கூடுவதற்கு எல்லோரும் காட்டும் முன்னோடி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 1975 மார்ச் 5 அன்று கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். முப்பது பேர் போல வந்தார்கள். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஆல்டேர் 8800 என்ற கணினியைப் பார்க்கவும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசவும் கூடினார்கள். அதன்பின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு அரங்கத்துக்கு இடம் மாறி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடினார்கள். ஸ்டீவ் வாஸ்னியாக் தான் செய்த முதல் ஆப்பிள் கணினியின் சுற்று வரைபடத்தை அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். ஒன்று, அந்த கிளப் 1986 டிசம்பரில் நின்றுவிட்டது. அவ்வளவு புகழ்பெற்ற குழுவின் ஆயுளே பன்னிரண்டு வருடத்துக்கு உட்பட்டதுதான். இரண்டாவது, அவர்கள் செய்திமடல் ஒன்றை அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன கொண்டுவந்தார், யாருக்கு எந்த உதிரிபாகம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அது இருந்ததால்தான் ஐம்பது வருடம் கழித்து நான் இங்கே உட்கார்ந்து அவர்களைப் பற்றி எழுத முடிகிறது. இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் கொடுத்தது, தொலைபேசி வழியாக டயல் செய்து இணையும் முறை. உலகளாவிய வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசு கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் ஆய்வுக்கூடம் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1993 ஏப்ரல் 30 அன்று அறிவித்துவிட்டது. லினக்ஸ் 1991 முதல் இருக்கிறது. எல்லாம் இலவசம்தான், ஆனால் கைக்கு எப்படி வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 28.8 கிலோபிட் மோடத்தில் 650 எம்பி உள்ள ஒரு லினக்ஸ் சிடியை இறக்க, இணைப்பு ஒரு தடவைகூட அறுபடாமல் இருந்தாலே 50 மணி நேரம் ஆகும். டெலிபோன் பில் தனி. அதனால் யாரோ ஒருவர் சிடி வாங்குவார், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். நகல் எடுக்க நேரில் சந்திக்க வேண்டும். சந்தித்தால், இன்ஸ்டால் செய்யும்போது எங்கே சிக்கியது என்று பேச வேண்டும். லினக்ஸ் பயனர் குழுக்கள் ஊர் ஊராக முளைத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மென்பொருள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆள் வந்தது சிடிக்காக.

சென்னைக் குழு தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி உருவானதுதான். அந்த நாட்களில் அவர்கள் கூடியது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஐஐடி வளாகத்தில். நான் முதல் தடவை போனபோது என்னைக் கவர்ந்தது பேச்சு அல்ல, பாதி எனக்குப் புரியவும் இல்லை. "அடுத்த கூட்டம் எப்போது?" என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை. பேச்சாளர் வராவிட்டாலும் கூட்டம் உண்டு, இருக்கிறவர்களில் ஒருவர் எழுந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். பத்துப் பேர் வந்தாலும் நடக்கும், ஐம்பது பேர் வந்தாலும் நடக்கும்.

இதே காலத்தில் தமிழுக்காக இன்னொரு தன்னார்வ ஓட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித்தான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழ் 2012-ல். இவை நமக்கு ஏன் முக்கியம் என்பது அந்தக் காலத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தமிழ் இணையதளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட். அது கணினியில் இல்லாவிட்டால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாகத் தெரியும். கீழக்கரைப் பெரியவர் ஒருவர் துபாயில் இருக்கும் மகனுக்குத் தமிழில் மின்னஞ்சல் அனுப்ப வாரம் ஒருமுறை வருவார். நான் தட்டச்சு செய்து அனுப்பினால், அங்கே மகன் இருக்கும் கணினியில் அதே ஃபான்ட் இருக்காது. மகன் போன் செய்து "அத்தா, ஒன்றும் படிக்க முடியவில்லை" என்பார். பிறகு சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பையன், அங்கே குழுக் கூட்டத்தில் வாங்கியதாகச் சொல்லி ஒரு சிடி கொண்டுவந்தான். அதில் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் இருந்தது. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, எந்தக் கணினியிலும் தமிழைப் படிக்க வழிசெய்யும் யூனிகோட் என்ற பொது எழுத்து முறை என்றால் என்ன என்று எனக்கும் சென்டருக்கு வந்திருந்த நான்கு பேருக்கும் விளக்கினான். இந்தக் கரையில் நான் பார்த்த முதல் தொழில்நுட்பச் சந்திப்பு என்று அதைத்தான் சொல்வேன். அதற்குப் பெயரும் இல்லை, இரண்டாவது கூட்டமும் இல்லை. ஆனால் பெரியவரின் அடுத்த கடிதத்தை மகன் படித்தார்.

அதற்குப் பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2002-ல் மீட்டப் என்ற இணையதளம் அமெரிக்காவில் தொடங்கியது. 2005 முதல் கூட்டம் நடத்துகிறவர்களிடம் அது கட்டணம் வாங்க ஆரம்பித்தாலும், அந்தப் பெயர் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் பார்கேம்ப் நடந்தது. முன்கூட்டியே பேச்சாளர் பட்டியல் கிடையாது, வருகிறவர்களே பலகையில் தலைப்பை எழுதிவிட்டுப் பேசுவார்கள். 2006 ஏப்ரலில் அது சென்னைக்கும் வந்தது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று நிரல் எழுதும் மொழிவாரியாகக் குழுக்கள் பெருகின. பெருநகரத்துக்கு வெளியே காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் வேரூன்றின. ஆகவே சின்ன ஊரில் நடக்காது என்பதற்கு ஆதாரம் இல்லை. நடக்கும் என்பதற்கு விழுப்புரமே சாட்சி.

சரி, நம் கரைக்கு வருவோம். சென்னை வேலைக்கு ஆள் வந்து சேரும் ஊர். நம்முடையது வேலைக்கு ஆள் கிளம்பிப் போகும் ஊர். எனக்குத் தெரிந்தவரை எல்லா வித்தியாசமும் இதிலிருந்து வருகிறது. அங்கே ஒருவர் விலகினால் புதிதாக இருவர் வந்து சேர்வார்கள். இங்கே ஒரு பையன் ஓரளவு நன்றாகக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வரும்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ டிக்கெட் எடுத்தாகிவிடும். போவது சரிதான், அதற்காகத்தானே கற்றுக்கொண்டான். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் இப்போது ஊரில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று பேருக்கு மேல் இருந்தால் எனக்கு ஆச்சரியம். அதனால் எட்டுக் கூட்டத்தோடு நின்றதை உங்கள் சோம்பல் என்றோ ஊரின் குறை என்றோ நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆள் போய்விடுவார்கள் என்பதை முதல் நாளே கணக்கில் எடுத்துக்கொண்டு குழுவை அமைத்திருக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்கே ஆறு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் குழுவில் நாங்கள் சரியாகச் செய்த ஒன்று, நாள் குறித்தது. முதல் சில மாதம் ஞாயிறு காலை வைத்தோம். தங்கச்சிமடம், பாம்பன் பிள்ளைகள் வரவில்லை. காலையில் பூசை. அதோடு, சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் ஞாயிறு காலைதான் கரை சேரும், மீன் இறக்கும் நேரத்தில் வீட்டுப் பையன் கரையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது. கடைசியில் சுற்றிச் சுற்றி இரண்டாம் சனிக்கிழமை மதியத்துக்கே வந்து சேர்ந்தோம். படகு கடலில் இருக்கும், வீட்டில் வேலை குறைவு, பல கல்லூரிகளுக்கு விடுமுறை. சென்னைக்குப் பொருந்திய அதே நாள் நமக்கு வேறு காரணங்களுக்காகப் பொருந்தியது. ஐந்து மணிக்குள் கண்டிப்பாக முடித்துவிடுவோம். இது மாணவிகளுக்காக எடுத்த முடிவு. "அஞ்சுக்கு முடியும், கீழே தெருவில் கடை இருக்கிறது, மாடிப்படி தெருவைப் பார்த்து இருக்கிறது" என்று பெற்றோரிடம் சொல்ல முடிந்த பிறகுதான் பெரியபட்டினத்திலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பெண் பிள்ளைகள் வந்தார்கள். ரமலான் மாதத்தில் டீ கிடையாது, நான்கு மணிக்கே முடித்துவிடுவோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீட்டுப் பையன்களுக்குக் கையில் நேரம் இருக்கும், பணம் இருக்காது. அப்போது வாரம் ஒருமுறை இலவசப் பயிற்சி வைத்தோம். எங்கள் குழுவில் அதிகம் பேர் சேர்ந்தது எப்போதும் அந்த மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பலமாக அடித்தால் கரண்ட் போய்விடும். அந்த மாதங்களில் ப்ரொஜெக்டரை நம்பாமல் கரும்பலகையில் எழுதினோம். மறக்க முடியாத பாடம் ஒன்று அப்படித்தான் நடந்தது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்-ல் பாக்ஸ் மாடல் என்ற பகுதி பலருக்கும் குழப்பும். பாம்பன் பையன் ஒருவன் எழுந்து பலகையில் மீன் பெட்டி வரைந்தான். "மீன்தான் உள்ளடக்கம். மீனுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் போடும் ஐஸ், பேடிங். சுவர், பார்டர். வண்டியில் ஏற்றும்போது பெட்டிக்கும் பெட்டிக்கும் விடும் இடைவெளி, மார்ஜின்." அன்று வந்த ஒருவரும் அதற்குப் பிறகு பேடிங்கையும் மார்ஜினையும் மாற்றிப் போடவில்லை. கூட்டம் முழுக்கத் தமிழில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். ஆங்கிலத்தில் நடந்திருந்தால் அவன் எழுந்திருக்கவே மாட்டான்.

தவறாகப் போனதையும் சொல்ல வேண்டும். கடலின் நிலையைத் தமிழில் காட்டும் ஒரு சின்ன இணையப் பக்கம் செய்தோம். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று வேகம் பற்றிய முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதை எடுத்து, சிக்னல் குறைவான இடத்திலும் திறக்கும்படி மிக எளிய பக்கமாகப் போட்டோம். எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. ஒருநாள் எங்கள் நிரல் நின்றுபோய், பக்கம் முந்தின நாள் அறிவிப்பையே காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, படகுக்காரர் ஒருவர் போன் செய்து சொன்னார். அன்றிரவே எடுத்துவிட்டோம். மாதம் ஒருமுறை கூடுகிற குழு, தினமும் கவனிக்க வேண்டிய ஒன்றை உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் வைக்கக் கூடாது. அந்த வேலைக்கு நிரந்தரமாக ஆள் வேண்டும். பாம்பனில் கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்புகிறது என்றால், அதற்குக் கட்டடமும் உரிமமும் தினமும் வந்து உட்காரும் ஆட்களும் இருக்கிறார்கள். நம் குழு வேறு வகை. பயிற்சிக்காகச் செய்யுங்கள், நூலகத்துக்கு, சங்கத்துக்கு, கருவாட்டுக் கடைக்குப் பக்கம் செய்து கொடுங்கள். ஒருநாள் நின்றால் யாருக்கும் ஆபத்து இல்லாததைச் செய்யுங்கள்.

எங்கள் குழு நின்ற கதை இதுதான். 2020 ஊரடங்கில் ஜிட்சி என்ற வீடியோ சந்திப்பு மென்பொருளில் கூடினோம். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பழைய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள், எண்ணிக்கை கூடியது. ஆனால் வீட்டில் ஒரே போன் உள்ள உள்ளூர் மாணவர்கள் காணாமல் போனார்கள். அது எண்ணிக்கைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, நாங்கள் கவனிக்கவில்லை. மறுபடி நேரில் தொடங்கியபோது பழகிய முகங்கள் குறைவு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது, புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. தீவிலிருந்து பேருந்தில் வரலாம்தான், ஆனால் ரயிலில் கும்பலாகப் பேசிக்கொண்டே வந்த பிள்ளைகள் தனித்தனியாக வரவில்லை. இதெல்லாம் வெளிக் காரணங்கள். உள்ளே இருந்த காரணம் நான்தான். மாடிச் சாவி என்னிடம், எங்கள் இணையதளத்தின் முகவரியான டொமைன் என் பெயரில், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் நான் ஒருவனே. அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் மாடி திறக்கவில்லை, மூன்றாவது மாதம் யாரும் கேட்கவில்லை. டொமைனைப் புதுப்பிக்கவும் மறந்துவிட்டேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்களின் குறிப்புகள் அதோடு போயின. மிஞ்சியிருப்பது வருகைப் பதிவு நோட்டு மட்டும்.

அதனால்தான் அந்தச் செய்திமடலைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் மறுபடி தொடங்குவதாக இருந்தால், பேச்சாளரைத் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவராகவோ ஊரிலேயே கடை வைத்திருப்பவராகவோ இருக்கட்டும். மூன்றாம் ஆண்டு வந்ததும் பொறுப்பை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி வையுங்கள். டொமைன் கட்டணம், குறிப்புகளைத் திருத்திப் போடுவது போன்ற வேலைகளை ஊரை விட்டுப் போனவர்களிடம் கொடுங்கள். அவர்களுக்கும் ஊரோடு ஒரு பிடி இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: யார் வந்தார், என்ன பேசினோம், எது புரியவில்லை. இணையத்தில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி. நடந்து முடிந்த எட்டுக் கூட்டத்தையும் ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுங்கள், அடுத்ததை ஒன்பதாவது என்றே எண்ணுங்கள். இவ்வளவு செய்தால் இருபது வருடம் ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகும் ஓட வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

தடைக்காலம் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை வைத்தால் நான் வருகிறேன். எங்கள் ப்ரொஜெக்டர் வீட்டில் சும்மாதான் இருக்கிறது, கீழக்கரைக்குக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன். விளக்கு கொஞ்சம் மங்கல், பகலில் ஜன்னலை மூட வேண்டியிருக்கும். வருகை நோட்டையும் எடுத்து வருகிறேன். அதில் கீழக்கரைப் பெயர்கள் நிறைய உண்டு, இப்போது ஊரில் இருப்பவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.